வீட்டில் ஒலிப்பதிவு செய்ய என்ன மைக் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். கேட்டவர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதிக்கு மேல் கதையைப் பற்றி இருப்பதில்லை, "என்ன மைக் வாங்கலாம்?" என்றுதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன. பேச்சு, வாசிப்பு, பாட்டு, பாடம் நடத்துவது ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது.

போன்லயே ரெக்கார்டர் இருக்கே, தனியா மைக் வாங்கணுமா?

முதல் மாதம் வேண்டாம். போனில் இருக்கும் மைக் பலர் நினைப்பது போல் மோசமானது இல்லை. நாம் அதை மேசையில் வைத்துவிட்டு எட்ட உட்கார்ந்து பேசுகிறோம், அதனால்தான் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து பாருங்கள். அமைப்புகளில் 'வேவ்' அல்லது உயர்தரம் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

போனில் ஒரு குறை உண்டு. பல போன்கள் பேச்சுக்கு நடுவே உள்ள சத்தத்தைத் தானாகவே அடக்கும், மெதுவாகப் பேசினால் தானாகவே ஏற்றும். தொலைபேசி உரையாடலுக்கு அது நல்லது. கதை வாசிப்பில், மூச்சு விடும் இடைவெளியெல்லாம் ஏறி இறங்கி அலைபோல் கேட்கும். இது உங்களை உறுத்த ஆரம்பித்தால் மைக் வாங்கும் நேரம் வந்துவிட்டது. அதற்குள் பத்து பதிவுகளாவது செய்திருப்பீர்கள். உங்களுக்கு எது தேவை என்பதை அந்தப் பத்தும் சொல்லும்.

ப்ளூடூத் இயர்போன் மைக்ல பதிவு பண்ணலாமா?

கூடாது. பெரும்பாலான ப்ளூடூத் இயர்போன்கள் மைக் இயங்கத் தொடங்கியதும் அழைப்பு முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் ஒலி வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகத்தான் எடுக்கப்படுகிறது. 8,000 என்றால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 4,000 அதிர்வுக்கு) மேல் உள்ள ஒலி எதுவும் பதிவில் இருக்காது. 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. வயர் உள்ள சாதாரண இயர்போனின் மைக் இதைவிட நன்றாகவே பதிவு செய்யும்.

டைனமிக், கன்டென்சர்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும், அதோடு ஒட்டிய சிறு கம்பிச்சுருளும் இருக்கும். சுருளைச் சுற்றிக் காந்தம். பேசும்போது சவ்வு அசைகிறது, சுருள் காந்தப்புலத்துக்குள் அசைகிறது, மின்சாரம் பிறக்கிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சுருளின் எடையையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் மிக நுணுக்கமான ஒலிகள் கொஞ்சம் மழுங்கும். வெளியே வரும் மின்னளவும் மிகக் குறைவு.

கன்டென்சரில் உலோகம் பூசிய மிக மெல்லிய படலம் ஒரு தகட்டுக்கு முன்னால் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. படலம் அசையும்போது இடைவெளி மாறுகிறது, அந்த மாற்றமே ஒலி. படலம் இலேசானது என்பதால் உதடு பிரியும் ஓசைகூட விழும். இதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். 1916இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தின் முன்னோடிப் பிரிவில் வென்ட் என்பவர் இதை உருவாக்கினார். 1962இல் அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கும் எலக்ட்ரெட் வகையைக் கொண்டுவந்தார்கள். விலை குறைந்த கன்டென்சர்கள் சாத்தியமானதற்கு அதுதான் காரணம். 'எலக்ட்ரெட்' என்று பெட்டியில் போட்டிருந்தால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

அப்போ எனக்கு எது?

அதை உங்கள் அறையிடம் கேளுங்கள். பதிவு செய்யப்போகும் இடத்தில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். சத்தம் 'டப்' என்று அங்கேயே நின்றுவிட்டால் நல்ல அறை. 'ட்ரிங்ங்' என்று உலோகம் போல் நீண்டால், வெறும் சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டி மோதுகிறது என்று பொருள். அப்புறம் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து என்னென்ன கேட்கிறது என்று எழுதுங்கள். மின்விசிறி, தெரு, குளிர்சாதனப் பெட்டி, மாடி வீட்டு நாற்காலி எல்லாம் வரும்.

ஒலி நீளும் அறை, அல்லது அந்தப் பட்டியல் நீளமான அறை என்றால் டைனமிக் வாங்கி வாய்க்கு அருகில் வைத்துப் பேசுங்கள். துணிமணி, மெத்தை, புத்தகம் நிறைந்த அமைதியான அறை என்றால் கன்டென்சர் உங்கள் குரலின் நுணுக்கத்தையெல்லாம் எடுத்துக்கொடுக்கும். நான் முதலில் வாங்கியது பெரிய கன்டென்சர். வெறும் சுவர் அறையில் அதை வைத்துக்கொண்டு, ஆறு மாதம் மைக்கில்தான் பழுது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதே மைக்கைத் துணி அலமாரிக்கு முன்னால் எடுத்துப்போய்ப் பேசியபோதுதான் அது எவ்வளவு நல்ல மைக் என்று தெரிந்தது.

யுஎஸ்பி மைக்கா, எக்ஸ்எல்ஆர் மைக்கா?

யுஎஸ்பி மைக்குக்குள்ளேயே ஒலியை எண்களாக மாற்றும் சில்லு இருக்கிறது. கணினியில் செருகினால் போதும். எக்ஸ்எல்ஆர் என்பது மூன்று முள் கொண்ட செருகி. அதற்கு நடுவில், ஒலியை எண்களாக மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி வேண்டும். ஒருவர் மட்டும் பேசுகிறீர்கள், மேசையில் இடம் குறைவு, சிக்கல் வேண்டாம் என்றால் யுஎஸ்பி சரி. நாளைக்கு இன்னொருவர் சேரலாம், கருவி வாசிக்கலாம், மைக்கை மட்டும் மாற்றலாம் என்று தோன்றினால் எக்ஸ்எல்ஆர்.

முடிவு எடுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது இரண்டு செருகியும் உள்ள மைக். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் அப்படிப்பட்டவை, இரண்டுமே டைனமிக். இன்றைக்குக் கணினியில் நேராகச் செருகலாம், பின்னால் இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கை அதில் மாட்டலாம். போட்ட காசு வீணாகாது.

யுஎஸ்பி மைக் எதை வாங்கினாலும் அதன் உடம்பிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கேட்டால் உங்கள் குரல் தாமதமில்லாமல் காதில் விழும். கணினி வழியாகச் சுற்றி வந்தால் அரை நொடிக்கும் குறைவான தாமதம்தான், ஆனாலும் பாடும்போது தாளம் தடுமாறும்.

இன்டர்ஃபேஸ்ல 48வி-ன்னு ஒரு பட்டன். டைனமிக் மைக் மாட்டிட்டு அமுக்கிட்டா எரிஞ்சிடுமா?

எரியாது. கன்டென்சருக்குத் தேவையான மின்சாரத்தை அதே கேபிள் வழியாக அனுப்புவதுதான் ஃபாண்டம் பவர். எக்ஸ்எல்ஆரின் இரண்டாவது, மூன்றாவது முள்ளில் ஒரே அளவு மின்னழுத்தம் போகிறது. டைனமிக் மைக்கின் சுருள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அதன் வழியே மின்சாரம் பாயாது. பழைய ரிப்பன் வகை (மெல்லிய உலோக நாடா உள்ள) மைக்குகளும் பழுதான கேபிளும் சேர்ந்தால்தான் ஆபத்து. பழக்கத்துக்காக ஒன்று செய்யுங்கள்: கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் 48வி-யை அணைத்து, ஹெட்ஃபோன் ஒலியைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'டமார்' என்று காதில் விழும்.

மைக் வாங்கிட்டேன். எவ்வளவு தூரத்துல வச்சுப் பேசணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒரு சாண். கட்டைவிரல் நுனியை உதட்டில் வைத்துச் சுண்டுவிரலை விரித்தால் எங்கே தொடுகிறதோ அங்கே மைக் இருக்கட்டும். டைனமிக் என்றால் அதில் பாதி, ஆறு விரல்கடை.

தூரம் பாதியாகும்போது மைக்கை அடையும் குரல் 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) ஏறுகிறது. முழம் என்பது இரண்டு சாண். முழத்திலிருந்து சாணுக்கு வந்தால் 6, சாணிலிருந்து அரைச் சாணுக்கு வந்தால் இன்னொரு 6. ஆனால் மின்விசிறியும் சுவர் எதிரொலியும் இருந்த அளவிலேயே இருக்கின்றன, ஏனென்றால் அவை எப்படியும் எட்டத்தில் இருக்கின்றன. ஆக, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாலே அறைச் சத்தத்துக்கும் குரலுக்கும் நடுவில் 12 டெசிபல் இடைவெளி கூடுதலாகக் கிடைக்கிறது. விலை கூடிய மைக் எதுவும் இதைத் தராது.

மிக நெருங்கினால் இன்னொரு விளைவு வரும். கார்டியாய்டு வகை (முன்பக்க ஒலியை நன்றாகக் கேட்கும்) மைக்குகளில் நெருங்க நெருங்கக் குரலின் அடித்தளம், அதாவது கட்டைத்தன்மை கூடும். மெல்லிய குரலுக்கு அது அழகாக இருக்கலாம். ஏற்கெனவே கட்டைக் குரல் என்றால் சொற்கள் குழம்பும். தூரத்தை ஒரே மாதிரி வைத்திருப்பது இதனால்தான் முக்கியம். ஒரு வாக்கியம் நெருங்கியும் அடுத்தது விலகியும் இருந்தால், கேட்பவருக்கு ஆளே மாறியது போல் இருக்கும்.

கார்டியாய்டு, ஆம்னின்னு பெட்டியில போட்டிருக்கு. எதைப் பாக்கணும்?

மைக் எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்பதைச் சொல்லும் சொற்கள் இவை. ஆம்னி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். கார்டியாய்டு முன்பக்கம் நன்றாக, பக்கவாட்டில் சுமார் 6 டெசிபல் குறைவாக, நேர் பின்னால் மிகக் குறைவாகக் கேட்கும். வீட்டில் தனியாகப் பேச கார்டியாய்டு. அதன் முதுகை விசிறி, கணினி, சன்னல் என்று எது அதிகம் சத்தம் போடுகிறதோ அதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

எந்தப் பக்கம் 'முன்பக்கம்' என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேடை மைக்குகளில் உச்சந்தலைதான் முன்பக்கம். ப்ளூ எட்டி போன்ற மேசை மைக்குகளிலும் பெரிய கன்டென்சர்களிலும் நிறுவனத்தின் முத்திரை இருக்கும் விலாதான் முன்பக்கம். உச்சியைப் பார்த்துப் பேசிவிட்டு "சத்தமே வரவில்லை" என்று எனக்கு எழுதியவர்கள் பலர்.

'ப' வர்ற இடமெல்லாம் 'புஃப்'னு அடிக்குது. மைக் கோளாறா?

இல்லை, காற்று. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பாப்பா பம்பரம் பார்த்தாள்" என்று சொல்லுங்கள். கையில் படும் அந்தக் காற்று படலத்தில் மோதுவதுதான் 'புஃப்'. தமிழில் பகரத்தை அதிகம் காற்று விடாமல்தான் சொல்கிறோம், ஆனால் ஆங்கிலச் சொற்கள் கலக்கும்போதும் உணர்ச்சி ஏறும்போதும் காற்று பலமாகிவிடுகிறது.

வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் துணி அல்லது வலை போட்ட வளையம், அதாவது பாப் ஃபில்டர், நாலு விரல்கடை முன்னால் நிற்கட்டும். மைக்கின் தலையில் மாட்டும் பஞ்சுக் குல்லாய் கொஞ்சம் உதவும், வளையம் அளவுக்கு இல்லை. இரண்டும் இல்லையென்றால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்தின் பக்கம் நகர்த்தி, வாயைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். காற்று நேராகப் போய்விடும், குரல் மைக்குக்கு வந்துவிடும். நான் வளையம் இருந்தும் அப்படித்தான் வைக்கிறேன்.

காலர் மைக் போதுமா?

காணொளிக்குப் போதும். நெஞ்சில், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள், துணி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை ஆம்னி என்பதால் எதிரொலிக்கும் அறையில் சுமாராகத்தான் இருக்கும். வயர் உள்ளது என்றால் செருகியில் எத்தனை கறுப்பு வளையம் என்று பாருங்கள்: மூன்று இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. மாற்றிச் செருகினால் பல நேரம் வேலை செய்யாது. குரல் மட்டும் போதும் என்றால் இதைவிட மேசை மைக்தான் என் தேர்வு.

மைக், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், சவுண்டு கார்டு எல்லாம் ஒரே பெட்டியில மலிவா வருதே?

வேண்டாம் என்பதே என் பதில். அவற்றில் பலவற்றில் பெரிய கன்டென்சர் போன்ற உடம்புக்குள் சிறிய எலக்ட்ரெட் துண்டு இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. சிக்கல் கேபிளில். ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை இயர்போன் செருகி. மைக் கேட்பது 48 வோல்ட், மடிக்கணினியின் மைக் துளை கொடுப்பதோ சில வோல்ட். குரல் சன்னமாக வரும், ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். அதே காசுக்கு ஒரு எளிய டைனமிக் மைக்கோ நல்ல வயர் காலர் மைக்கோ கிடைத்தால் அதை வாங்குங்கள்.

விவரப் பட்டியல்ல எந்த எண்ணைப் பாக்கணும்?

கன்டென்சர் என்றால் முதலில் சுய இரைச்சல். யாரும் பேசாதபோது மைக் தானே போடும் சத்தம் அது. ஆடியோ டெக்னிகா ஏடி2020இல் 20 டெசிபல், ரோட் என்டி1இல் 5க்கும் கீழே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஆனால் ஒரு சாதாரண அமைதியான படுக்கையறையின் சத்தமே 30 டெசிபல் பக்கம் இருக்கும். அந்த அறையில் 20க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அறைச் சத்தத்துக்குள் மறைந்துவிடும். அறையைச் சரிசெய்யாமல் இந்த எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மைக் பிடிக்கும் ஒலியின் எல்லையைச் சொல்லும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்ற வரியை நான் பார்ப்பதே இல்லை. வரைபடம் இல்லாமல் அதற்குப் பொருள் இல்லை. ஷூர் எஸ்எம்58இன் எல்லை 50 முதல் 15,000தான், 1966இலிருந்து உலகம் முழுக்க மேடைகளில் பாடகர்கள் அதைத்தான் பிடித்திருக்கிறார்கள். வினாடிக்கு எத்தனை மாதிரி என்பதைச் சொல்லும் '192 கிலோஹெர்ட்ஸ்' என்பதும் பேச்சுக்குத் தேவையில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வொரு மாதிரியின் நுணுக்கம்) இருந்தால் நிறைவு.

பெரிய பாட்காஸ்ட்ல எல்லாரும் எஸ்எம்7பி வச்சிருக்காங்க. கஷ்டப்பட்டாவது அதையே வாங்கிடட்டுமா?

கஷ்டப்பட வேண்டாம். அது ஷூர் நிறுவனத்தின் அருமையான டைனமிக் மைக், ஆனால் மிகவும் மெல்லிய மின்னளவைத்தான் தரும். இயல்பான பேச்சுக்குக்கூட இன்டர்ஃபேஸ் சுமார் 60 டெசிபல் ஏற்றிக் கொடுக்க வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ்கள் அந்த எல்லையில் 'ஸ்ஸ்ஸ்' என்று சீற ஆரம்பிக்கும். அதற்கு மின்னளவை ஏற்றித்தரும் ஒரு பூஸ்டர், கனமான மைக்கைத் தாங்க உறுதியான ஸ்டாண்டு என்று செலவு நீளும்.

அதே நிறுவனத்தின் எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் அதே கேப்ஸ்யூல் (சவ்வும் சுருளும் அடங்கிய உள்பகுதி) குடும்பத்தைச் சேர்ந்தவை. 58 எஸ்எம்7பியைவிடக் கொஞ்சம் கூடுதல் மின்னளவு தரும், விலையும் வெகுவாகக் குறைவு. அதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் பெரிங்கர் எக்ஸ்எம்8500. ஒரு சாணுக்குள் வைத்து, நன்றாகப் பதிவு செய்தால், கதை கேட்பவர் யாரும் மைக்கைப் பற்றி நினைக்க மாட்டார்.

கன்டென்சர் அறைச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

பாதி நிஜம். இரண்டும் கார்டியாய்டு, இரண்டும் ஒரே தூரத்தில், குரல் ஒரே அளவு வரும்படி கெயின் (மைக்கிலிருந்து வரும் ஒலியை ஏற்றும் அளவு) வைத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். மைக் எதையும் தேடிப்போய் இழுப்பதில்லை. கன்டென்சருக்கு மின்னளவு அதிகம், அதனால் குரலும் பெரிதாகக் கேட்கிறது, விசிறியும் பெரிதாகக் கேட்கிறது.

பின்னே ஏன் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள்? டைனமிக்கை நாம் உதட்டருகே வைக்கிறோம், கன்டென்சரை எட்ட வைக்கிறோம். தூரத்தைப் பற்றி மேலே சொன்ன 6 டெசிபல் கணக்குதான் இங்கேயும் வேலை செய்கிறது. கூடவே, டைனமிக் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மழுக்குவதால் இரைச்சலும் மென்மையாகப் படுகிறது. சத்தமான அறைக்கு டைனமிக் என்று முன்னால் சொன்னதை மாற்றவில்லை. அது நெருங்கிப் பேசத் தோதானது என்பதால்தான் அப்படிச் சொன்னேன். எட்ட வைத்தால் அதுவும் கைவிடும்.

சுவரெல்லாம் ஃபோம் ஒட்டணுமா?

ஒரு அங்குல ஃபோம் 'ச', 'ஸ' போன்ற கூரிய ஒலிகளை மட்டும் விழுங்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ., 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 3.4 மீட்டர். அவ்வளவு நீளமான அலையை மெல்லிய பஞ்சு ஒன்றும் செய்யாது. அறை முழுக்க ஒட்டினால் உச்ச ஒலிகள் செத்து, கீழ் ஒலிகள் மட்டும் முழங்கும். குரல் பெட்டிக்குள் இருப்பது போல் ஆகிவிடும்.

கனமான கம்பளி, மெத்தை, துணி நிறைந்த அலமாரி, ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தகங்கள் இவை போதும். எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். மைக் உங்களைப் பார்க்கிறது, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. அதனால் கம்பளியை உங்களுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கினால் இன்னும் நல்லது. இதெல்லாம் எதிரொலியைத்தான் குறைக்கும். தெருச் சத்தத்தைத் தடுக்காது, அதற்கு விடிகாலை நேரம்தான் கைகொடுக்கும்.

கெயின் எவ்வளவு வைக்கணும்?

பதிவில் நீங்கள் போகப்போகும் உச்சத்தைப் போல, கோபமான வசனத்தையோ மேல் ஸ்தாயியையோ முழு வீச்சில் சொல்லிப் பாருங்கள். மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொட்டால் சரி. பூஜ்யத்தை எப்போதும் தொடக்கூடாது. அங்கே ஒலி வெட்டுப்படும், பின்னால் மீட்கவே முடியாது. 24 பிட்டில் குறைவாகப் பதிவு செய்து பின்னால் ஏற்றுவதால் நஷ்டம் இல்லை. தானாக ஏற்றி இறக்கும் வசதி கணினியிலோ மைக்கிலோ இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பேசாதப்பவும் ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. எங்கேருந்து வருது?

சத்தத்தின் குணத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 'ம்ம்ம்' என்ற கட்டையான முனகல் என்றால் வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், கேபிளை மின்கம்பிகளிலிருந்து விலக்குங்கள். 'கீ...' என்று விசில் போல் ஒரே சுருதியில் வந்தால் யுஎஸ்பி வழியாக வரும் சத்தம். யுஎஸ்பி ஒரு நொடிக்கு ஆயிரம் முறை தகவல் அனுப்புவதால் அது 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகக் கேட்கும். வேறு துளையில், நடுவில் ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று மழை போல் இருந்தால் கெயின் அதிகம், அதாவது நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

இரைச்சலை அப்புறம் சாஃப்ட்வேர்ல எடுத்துடலாமே, எதுக்கு இவ்வளவு கவலை?

விசிறி போன்ற மாறாத சத்தத்தை ஓரளவு எடுக்கலாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து வினாடி பேசாமல் இருங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் அந்த ஐந்து வினாடியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மற்ற இடங்களில் கழிக்கும். அளவோடு செய்யுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போலாகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம், பேச்சுக்கு அது தேவையில்லை. எதிரொலியை மட்டும் பிரித்தெடுப்பது கடினம், ஏனென்றால் அதுவும் உங்கள் குரல்தான்.

ஒலிப்புத்தகம் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் அளவுகோல்: ஏசிஎக்ஸ் என்ற ஒலிப்புத்தகத் தளம் சராசரி ஒலி மைனஸ் 23க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3க்குள், பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அங்கே அனுப்பாவிட்டாலும் அந்த மூன்றாவது எண்ணை இலக்காக வையுங்கள். சாண் தூரமும் கம்பளியும் இருந்தால் மலிவான மைக்கிலும் எட்டலாம்.

ரெண்டு பேர் உக்காந்து பேசணும். ரெண்டு யுஎஸ்பி மைக் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் தலைவலி. ஒவ்வொரு யுஎஸ்பி மைக்குக்கும் தனித்தனிக் கடிகாரம். ஒன்று இம்மியளவு வேகமாக ஓடினாலும் ஒரு மணி நேரப் பேச்சில் இரண்டு பதிவும் விலகிப்போகும். பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரு மைக்கைத்தான் எடுக்கும். இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸும் இரண்டு டைனமிக் மைக்கும்தான் சரியான வழி. இரண்டு மைக்குக்கும் நடுவில் உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

காசு இல்லையா? ஆளுக்கொரு போனில், ஆளுக்கொரு சாண் தூரத்தில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கைதட்டுங்கள். அந்த இரண்டு தட்டலையும் வைத்துப் பின்னால் பொருத்திவிடலாம்.

பழைய மைக் வாங்கலாமா?

டைனமிக் என்றால் தைரியமாக வாங்கலாம். வலை நசுங்கியிருப்பது பெரிய விஷயம் இல்லை, மாட்டிப் பேசிப் பார்த்தால் போதும். எஸ்எம்58க்குப் போலிகள் மிக அதிகம், அதனால் ஒரு சமையல் தராசு இருந்தால் எடை போடுங்கள். அசலின் எடை 298 கிராம். கன்டென்சர் என்றால் ஹெட்ஃபோனில் பத்து நிமிடம் கேளுங்கள். 'பட் பட்' என்று பொரிவது போல் வந்தால் ஈரம் ஏறியிருக்கலாம். வாங்கிய பின் நீங்களும் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கப் பழகுங்கள்.

புது மைக் வந்தாச்சு. நல்லதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். அரைப் பக்கம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், 'ப'வும் 'ச'வும் நிறைய இருக்கட்டும். அதை மூன்று முறை பதிவு செய்யுங்கள்: முழ தூரத்தில், சாண் தூரத்தில், அரைச் சாண் தூரத்தில். போனிலும் சாண் தூரத்தில் ஒருமுறை. நான்கையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். இது மிக முக்கியம், ஏனென்றால் சத்தமாக இருப்பதெல்லாம் காதுக்கு நல்லதாகவே தோன்றும்.

ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே அன்னியமாக இருக்கும், அதனால் வீட்டில் உங்கள் குரலை நன்றாக அறிந்த ஒருவரையும் கேட்கச் சொல்லுங்கள். எது எந்த மைக் என்று சொல்லாதீர்கள். "எதுல நான் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அவர் போன் பதிவைக் காட்டினால் புது மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் ஒரு கனமான கம்பளி வாங்குங்கள்.